பிடிஓ சென்சார் கோடு வந்தால் உடனே சென்சாரை மாற்றாதீர்கள்: ஒரு டிப்பர்காரனின் அனுபவம்

க.பரமத்தி பக்கத்து கிரஷர்களில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றி காங்கயம், திருப்பூர், ஈரோடு என்று இறக்குவதுதான் என் பிழைப்பு. பத்து சக்கர டிப்பர், பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி. பாதி நாள் நானே ஓட்டுவேன், மீதிக்கு ஒரு டிரைவர் தம்பி இருக்கிறார். போன ஐப்பசி மழையில் இந்த வண்டியில் பிடிஓ சென்சார் கோடு என்று ஒன்று, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் கோளாறு எண் (code), வர ஆரம்பித்தது. அது தீர்வதற்குள் கைக்காசு, வட்டிக்கு வாங்கியது, ஓடாமல் போன வாடகை எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் போய்விட்டது. கடைசியில் கோளாறைச் சரிசெய்ய ஆன செலவு 1,200 ரூபாய். நடுவில் என்னென்ன நடந்தது, எந்த இடத்தில் யார் என்ன கேட்டிருந்தால் காசு மிஞ்சியிருக்கும் என்பதை ஒரு ஒழுங்கில் சொல்கிறேன். இதைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று அப்போது ராத்திரி ராத்திரியாகப் போனில் தேடினேன், ஒன்றும் சிக்கவில்லை.

பிடிஓ என்றால் டிப்பர், தண்ணி டேங்கர், செப்டிக் டேங்க் வண்டி, கான்கிரீட் பம்ப் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சுருக்கமாக: எஞ்சின் சுழலும் சக்தியில் ஒரு பங்கை கியர் பாக்ஸின் பக்கவாட்டிலிருந்து எடுத்து வேறொரு பம்பை ஓட்டும் அமைப்பு. டிப்பரில் அது ஹைட்ராலிக் பம்பை ஓட்டும், பம்ப் ஆயிலைத் தள்ளும், ஜாக்கி தொட்டியைத் தூக்கும். டேஷ்போர்டில் சுவிட்ச் போட்டால் ஒரு சோலினாய்டு வால்வு (கரண்ட்டில் திறக்கும் வால்வு) திறந்து காற்று போகும். காற்று ஒரு போர்க்கை (கவை மாதிரி ஒரு இரும்பு) நகர்த்தும், பல்சக்கரம் கோத்துக்கொள்ளும். கோத்துக்கொண்டதா இல்லையா என்று எஞ்சின் கம்ப்யூட்டருக்கு, அதாவது இசியுவுக்குச் சொல்ல பிடிஓ கூட்டில் ஒரு சின்ன சுவிட்ச் திருகியிருப்பார்கள். நுனியில் ஒரு குண்டு இருக்கும். போர்க் நகர்ந்து வந்து குண்டை உள்ளே தள்ளினால் இரண்டு ஒயரும் சேரும், தள்ளாவிட்டால் சேராது. சென்சார் சென்சார் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். வீட்டு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் விளக்கு எரிய ஒரு பொத்தான் இருக்குமே, அதே வேலை.

இவ்வளவு எளிய சாமான் ஒரு வண்டியை எப்படி நிறுத்தும் என்று கேட்கலாம். பிடிஓ ஓடும்போது எஞ்சின் வேகம் ஒரு அளவுக்கு மேல் போகக்கூடாது, போனால் பம்ப் சூடாகி சீல் போய்விடும். அதனால் பிடிஓ கோத்திருக்கிறது என்ற செய்தி வந்துவிட்டால் இசியு வேகத்தைக் கட்டிப் போடும். என் வண்டியில் 1,200 ஆர்பிஎம் என்று வைத்திருந்தார்கள். தொட்டி கொட்டும்போது அது போதும். முழு லோடோடு மேடு ஏறும்போது 1,200-க்கு மேல் எஞ்சின் போகாது என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு அது முதலில் நடந்தது காங்கயம் ரோட்டில், இருட்டின பிறகு, நல்ல மழையில். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கேட்கவில்லை. 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனார்கள். செக் லைட் எரிந்தது. ஓரம் கட்டி சாவியை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போட்டேன், சரியாகிவிட்டது. சைட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நடைச்சீட்டில் (ஜல்லி ஏற்றிப் போவதற்கான அனுமதிச் சீட்டு) போட்டிருந்த நேரம் தாண்டியிருந்தது. வழியில் யாராவது நிறுத்தியிருந்தால் "மழைங்க, வண்டி இழுக்கலைங்க" என்று சொல்லி எடுபடாது. அந்தப் பயம்தான் அன்றைக்கு வண்டிக் கோளாறை விடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் வழக்கமாகப் போகும் பட்டறையில் சொன்னதும், "பிஎஸ்-6 வண்டி இழுக்கலைன்னா யூரியாதான்" என்று முடித்துவிட்டார்கள். பிஎஸ்-6 வண்டியில் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் திரவத்தைத்தான் யூரியா என்கிறோம். இதில் அவர்கள் மேல் முழுப் பழி போட முடியாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததிலிருந்து யூரியா டேங்க், ஊசி, புகைச் சென்சார் என்று அந்தப் பக்கக் கோளாறில் இழுவை குறைவது நிறைய வண்டிகளில் நடக்கிறது. ஆனால் யூரியா கோளாறுக்கு அதற்கென்று தனி விளக்கும் தனி கோடும் உண்டு. என் வண்டியில் அந்த விளக்கு எரியவே இல்லை. நான் அதைச் சொன்னேன், "எரியாமலும் வரும்" என்றார்கள். டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, புது யூரியா ஊற்றியதில் 6,000 போனது. வானம் வெளுத்திருந்தது. வண்டி நன்றாக ஓடியது. யூரியாதான் காரணம் என்று எல்லாரும் நம்பிவிட்டோம்.

அடுத்த மழையில் மறுபடி அதே கதை. இந்தத் தடவை டிரைவர் தம்பி ஓட்டிக்கொண்டிருந்தார். போன் செய்து, "அண்ணா, நான் பிடிஓ போடவே இல்லீங்க, ஆனா பிடிஓ லைட்டு எரியுது, பஸ்ஸர் வேற கத்துது" என்றார். முழுக் கதைக்கும் திறவுகோல் அந்த ஒரு வாக்கியம். உங்கள் வண்டியில் எந்தக் கோடு வந்தாலும், வந்த நேரத்தில் என்னென்ன விளக்கு எரிந்தது, மழையா வெயிலா, பள்ளத்தில் விழுந்து எழுந்ததா, லோடா காலியா, தொட்டி தூக்கி இறக்கிய பிறகா முன்பா என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டிரைவரிடமும் சொல்லி வையுங்கள். பட்டறையில் நிற்கும்போது கோளாறு வராத வண்டிக்கு அந்த நோட்டுதான் ஆதாரம். போனில் விளக்குகளை வீடியோ எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. ஓட்டிக்கொண்டே எடுக்க வேண்டாம், ஓரம் கட்டி எடுங்கள்.

பிறகு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். ஸ்கேன் போட 1,500, வரியோடு 1,770. திரையில் வந்ததை அந்தப் பையன் படித்து, "பிடிஓ சென்சார் கோடு சார், சென்சார் மாத்தணும்" என்றார். திரையை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன், எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் படம்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. அதனால் கோடு எப்படிப் படிப்பது என்று இங்கே கொஞ்சம் நின்று சொல்லிவிடுகிறேன்.

கனரக வண்டிகளில் கோடு பெரும்பாலும் ஜே1939 என்ற முறையில் வரும். அதில் முக்கியமாக மூன்று விஷயம் இருக்கும். எஸ்பிஎன் என்ற எண், எந்தச் சமாச்சாரத்தில் கோளாறு என்று சொல்லும். எஃப்எம்ஐ என்ற எண், எந்த விதமான கோளாறு என்று சொல்லும். மூன்றாவது, அது எத்தனை தடவை வந்தது என்ற எண்ணிக்கை. பட்டறைகளில் முதல் எண்ணைப் படித்தவுடன் சாமானுக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். காசை மிச்சம் பிடிப்பது இரண்டாவது எண். எஃப்எம்ஐ 3 என்றால் வோல்டேஜ் இருக்க வேண்டியதை விட மேலே போய்விட்டது அல்லது மேல் வோல்டேஜோடு ஷார்ட். 4 என்றால் கீழே இறங்கிவிட்டது அல்லது கீழே ஷார்ட். 5 என்றால் கரண்ட் குறைவு அல்லது ஒயர் அறுந்திருக்கிறது. 6 என்றால் கரண்ட் அதிகம் அல்லது எர்த்தில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) தொடுகிறது. 7 என்றால் இயந்திரப் பகுதி சொன்னபடி வேலை செய்யவில்லை. 2 என்றால் வரும் செய்தி முன்னுக்குப் பின் முரண், அல்லது விட்டுவிட்டு வருகிறது. என் திரையில் இருந்தது 2. சுவிட்ச் போடாமலே பிடிஓ கோத்திருக்கிறது என்று செய்தி வருகிறதே, இது எப்படி என்று இசியு கேட்கிறது. சென்சார் கெட்டுப்போயிற்று என்று அது எங்கேயும் சொல்லவில்லை. இசியுவால் அப்படிச் சொல்லவும் முடியாது. அதற்குத் தெரிவது தன் காலில், அதாவது ஒயர் சேரும் பின்னில், வந்து சேரும் வோல்டேஜ் மட்டும்தான். அந்தக் காலுக்கும் சென்சாருக்கும் நடுவில் ஒயர் இருக்கிறது, கப்ளர் (ஒயரைக் கழற்றி மாட்டும் இணைப்பு) இருக்கிறது, எர்த் இருக்கிறது, யாரோ போட்ட ஜாயின்ட் இருக்கிறது.

கோடு இப்போதும் உயிரோடு இருக்கிறதா, பழையது பதிவாகி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஸ்கேனரில் இரண்டும் தனித்தனியாக வரும். அழிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள். அழித்துவிட்டால் அந்த எண்ணிக்கையும் சேர்ந்து போய்விடும்.

சென்சார் மாற்றினார்கள். சாமான் 3,400, கூலி 800. மாற்றியதும் சரியாகிவிட்டது. நாலைந்து நடை ஒரு தொந்தரவும் இல்லை. பிறகுதான் விஷயம் புரிந்தது: மாற்றும்போது கப்ளரைக் கழற்றினார்கள், ஒயரை இழுத்தார்கள், ஏர் அடித்துச் சுத்தம் செய்தார்கள். ஒயர் ஒரு அங்குலம் நகர்ந்து உட்கார்ந்தாலே விட்டுவிட்டு வரும் கோளாறு ஒளிந்துகொள்ளும். மாற்றிய பிறகு சரியானது என்பதற்காக மாற்றிய சாமான்தான் கெட்டிருந்தது என்று ஆகிவிடாது. இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பழைய சாமானை மறுபடி போட்டுப் பார்ப்பது. கோளாறு திரும்பி வந்தால்தான் அந்தச் சாமான் குற்றவாளி. எந்தப் பட்டறையும் அதைச் செய்யாது, நேரம் இல்லை என்பார்கள். கழற்றிய பழைய சாமானை வாங்கி வைத்துக்கொள்ளவாவது மறக்காதீர்கள்.

இதற்கு நடுவில் ஒரு புதுத் தலைவலி சேர்ந்தது. திருப்பூரில் ஒரு சைட்டில் தொட்டி தூக்க பிடிஓ போட்டால், பம்ப் ஓடுகிறது, தொட்டி எழும்புகிறது, ஆனால் பிடிஓ லைட் எரியவில்லை. மறுபடி செக் லைட். மறுபடி ஸ்கேன். இந்தத் தடவை அதே எஸ்பிஎன், ஆனால் எஃப்எம்ஐ 7. சர்வீஸ் சென்டரில் இருந்தவர், "அதே கோடுதான் வருது, சோலினாய்டும் போயிருக்கும்" என்று சொல்லி அதையும் மாற்றினார். 5,200. நான் திரையைப் பார்த்து, போன தடவை 2, இப்போது 7 ஆயிற்றே என்றேன். "ரெண்டும் பிடிஓ கோடுதாங்க" என்றார். எனக்கும் அப்போது அதற்கு மேல் வாதாடத் தெரியவில்லை. முதலில் வந்தது, போடாமலே போட்டதாகச் செய்தி. இப்போது வந்தது, போட்டும் போடாததாகச் செய்தி. இரண்டும் நேரெதிர். ஒரே கோளாறு இப்படி இரண்டு பக்கமும் பேசுவது அபூர்வம். அப்படி வந்தால் இரண்டு தனித்தனிக் கோளாறு இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும், அதில் ஒன்று நடுவில் செய்த வேலையால் வந்ததாகவும் இருக்கலாம்.

சோலினாய்டு மாற்றியும் லைட் எரியவில்லை. அடுத்து அவர்கள் வாயிலிருந்து வந்த வார்த்தை இசியு. ஒரு லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட். வாரன்டி இருக்கிறதே என்றேன். பிடிஓவும் அதன் ஒயரிங்கும் பாடி கட்டியவர்கள் போட்டது, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். பாடி கட்டிய இடத்துக்குப் போன் செய்தால், எங்கள் வேலை எல்லாம் பக்கா, சேசிஸ் (கம்பெனி தரும் எஞ்சினோடு கூடிய அடிச்சட்டம்) கோளாறுக்கு எங்களிடம் வராதீர்கள் என்றார்கள். மாசம் 90,000-க்கு மேல் டியூ கட்டும் வண்டி ஷெட்டில் நிற்கிறது. வீட்டில் கேட்டால் சொல்லப் பதில் இல்லை. அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை, வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். கூட ஓட்டுகிற ஒருவர், "அந்தச் சென்சார் ஒயரை வெட்டி வுட்ருங்க, எல்லாம் ஓடும்" என்று யோசனை சொன்னார்.

அந்த யோசனையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒயரை வெட்டினால் என் மாதிரி வண்டியில் வேகக் கட்டு போய்விடும், நன்றாக ஓடும். கூடவே லைட்டும் பஸ்ஸரும் போய்விடும். பிடிஓவை எடுக்க மறந்து டிரைவர் ரோட்டில் ஏறிவிட்டால் சொல்ல ஆள் இல்லை. பம்ப் எரிவது சின்ன நஷ்டம். வால்வு லிவர் லேசாகத் தள்ளியிருந்தால் ஓடும்போதே தொட்டி எழும்பிவிடும். மேலே கரண்ட் கம்பி, ரயில்வே பாலம், பெயர்ப்பலகை கம்பம் எல்லாம் இருக்கிறது. தொட்டி தூக்கிய டிப்பர் கரண்ட் கம்பியில் உரசி டிரைவர் செத்த செய்தியைப் படிக்காத டிப்பர்காரன் கிடையாது. எனக்குக் காசு முடை இருந்தது உண்மைதான், ஆனால் அந்த வண்டியில் ஏறுவது என் தம்பி வயதுப் பையன்.

கடைசியில் வழி காட்டியவர் கரூரில் பஸ் பாடிகளுக்கு ஒயரிங் செய்து பழகிய ஒரு பெரியவர். வெளிவேலைக்கு இப்போது அதிகம் வருவதில்லை, தெரிந்தவர் மூலம் கெஞ்சிக் கூட்டிவந்தேன். அவர் வந்ததும் டூல்ஸ் பையைத் திறக்கவில்லை. "எப்பெப்போ வருது தம்பி?" என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டு, "மழைக்குத்தான் வருது. அப்போ தண்ணிதான் எங்கியோ பேசுது. கம்ப்யூட்டருக்கு மழை வந்தது தெரியுமா?" என்றார். இசியு கேபினுக்குள்ளே அல்லது எஞ்சினோடு சீல் செய்து உட்கார்ந்திருக்கும் சாமான், நனைவது கீழே தொங்கும் ஒயர் என்று அவர் சொன்னது அவ்வளவு எளிமையாக இருந்தது. ஒரு லட்சம் எஸ்டிமேட் கொடுத்தவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லையே என்று கோபம்தான் வந்தது.

முதலில் லைட் எரியாத கோளாறைப் பிடித்தார். புதுச் சுவிட்சைக் கழற்றி மல்டிமீட்டரைச் சத்தம் வரும் நிலையில் வைத்து, குண்டை விரலால் அழுத்தினார். பீப் வந்தது. விட்டால் நின்றது. சுவிட்ச் நல்ல சுவிட்ச். பிறகு அதன் கழுத்தைக் காட்டினார். இரண்டு செம்பு வாஷர் மாட்டியிருந்தது. பழைய வாஷர் கூட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதைப் பார்க்காமல் புதுச் சுவிட்சோடு வந்த வாஷரையும் சேர்த்துத் திருகியிருக்கிறார்கள். ஒரு வாஷர் கனம் வெளியே தள்ளி உட்கார்ந்ததால் போர்க் வந்து குண்டை முழுக்க அழுத்தவில்லை. பிடிஓ கோத்துக்கொள்கிறது, செய்தி போகவில்லை. ஒன்றை எடுத்துவிட்டுத் திருகியதும் லைட் பளிச்சென்று எரிந்தது. 5,200 ரூபாய் சோலினாய்டு தண்டம். இந்தச் சுவிட்ச் மாற்றும்போது வாஷர் எண்ணிக்கையும் கனமும் பழையதற்குச் சமமாக இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். இதே கோடு காற்று குறைவாக இருந்தாலும் வரும். கேஜில் பிரஷர் ஏறுவதற்கு முன்னால் பிடிஓ போட்டால் போர்க் பாதியில் நின்றுவிடும். காற்று லைனில் கசிவு இருக்கிறதா என்று சோப்புத் தண்ணி போட்டுப் பார்ப்பதற்குச் செலவே கிடையாது.

அடுத்து மழைக் கோளாறு. இங்கே அவர் செய்த சோதனையை எல்லாரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஸ்கேனரில் லைவ் டேட்டா என்று ஒரு பக்கம் உண்டு. அதில் பிடிஓ சுவிட்ச் ஆன், ஆஃப் என்று அந்த நேரத்து நிலை தெரியும். ஸ்கேனர் இல்லையென்றால் டேஷ்போர்டு லைட்டைப் பார்த்தாலே போதும். கோளாறு வந்திருக்கும் நேரத்தில் சென்சார் கப்ளரைக் கழற்றுங்கள். கழற்றியும் ஆன் என்றே காட்டினால் சென்சார் மேல் குற்றம் இல்லை, அது இப்போது வண்டியோடு சேர்ந்தே இல்லையே. ஒயர் எங்கேயோ எர்த்தில் தொடுகிறது. கழற்றியதும் ஆஃப் ஆகிவிட்டால் சென்சார் பக்கம் பாருங்கள். ஆஃப் காட்டும்போது கப்ளரின் இரண்டு ஓட்டையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் ஆன் ஆக வேண்டும். ஆகாவிட்டால் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது எர்த் இல்லை. இரண்டு நிமிட வேலை, சாமான் எதுவும் வாங்க வேண்டாம். இது என் வண்டியில் இருப்பது போல் சேர்ந்தால் ஆன் என்று இருக்கும் இரண்டு ஒயர் சுவிட்சுக்கு, அதிலும் ஒரு ஒயர் எர்த் ஆக இருந்தால் மட்டும். மூன்று ஒயர் வரும் சென்சாரில் ஒன்று பெரும்பாலும் 5 வோல்ட் சப்ளையாக இருக்கும், சில வண்டிகளில் இரண்டு ஒயரில் ஒன்று 24 வோல்ட்டாக இருக்கும். எது எது என்று தெரியாமல் ஷார்ட் செய்தால் இல்லாத செலவை இழுத்துவிட்டுக்கொள்வீர்கள். முதலில் மீட்டர் வைத்துப் பாருங்கள். பழைய பல்பு டெஸ்ட் லாம்பை இசியு ஒயர்களில் வைக்கவே வைக்காதீர்கள், அது இழுக்கும் கரண்ட்டை அந்தச் சின்ன சர்க்யூட் தாங்காது.

அன்றைக்கு வெயில். கோளாறு வரவில்லை. பெரியவர் ஒரு பக்கெட்டில் தண்ணி கேட்டார். கிரஷர் தூசி கொஞ்சம் கரைத்துச் சேறாக்கினார். இன்ஜினுக்குக் கீழே இருந்து ஒயர் போகும் வழியில் ஒவ்வொரு இடமாக ஒரு மக் ஊற்றி நின்று, டேஷ்போர்டைப் பார்க்கச் சொன்னார். எல்லாவற்றையும் மொத்தமாக நனைத்தால் எங்கே என்று தெரியாது என்றார். கியர் பாக்ஸுக்கு மேலே இருக்கும் குறுக்குச் சட்டத்தில் ஊற்றியதும் டிரைவர் தம்பி உள்ளேயிருந்து கத்தினார், "எரியுது, எரியுது!" கப்ளரைக் கழற்றினோம். அப்போதும் எரிந்தது.

அங்கே ஒரு கருப்பு ட்யூப் சட்டத்தோடு கட்டியிருந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு ஜாயின்ட். சேசிஸிலிருந்து வரும் ஒயர் சென்சார் வரை எட்டவில்லை போலிருக்கிறது, பாடி கட்டும்போது ஒயரை முறுக்கிச் சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்கள். ஆயில் பட்டு டேப் பசை விட்டு அவிழ்ந்திருந்தது. செம்பு பச்சை பூத்திருந்தது. சுற்றிலும் கல் தூசி இறுகிக் கிடந்தது. இரண்டு இழை சட்டத்தை ஒட்டி நின்றன. காய்ந்திருக்கும்போது ஒன்றும் ஆகாது. நனைந்தால் அந்தச் சேறு வழியாக எர்த் கிடைக்கும், இசியுவுக்கு பிடிஓ கோத்துக்கொண்டது மாதிரியே தெரியும். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மெயின் ஸ்விட்சை அணைத்து, கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, புது ஒயர் சேர்த்து, கிரிம்ப் செய்து (நெருக்கி இறுக்கி), உள்ளே பசை உள்ள, சூடு பட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினார். சட்டத்தைத் தொடாமல் மேலே தூக்கிக் கட்டினார். சென்சார் கப்ளருக்கு வரும் ஒயரை நேராக விடாமல் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறுகிற மாதிரி வளைத்தார், தண்ணி வழிந்து கப்ளருக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும். இன்னொன்றையும் கண்டுபிடித்தார்: முன்னால் பார்த்த யாரோ கரண்ட் வருகிறதா என்று பார்க்க ஒயரில் ஊசி குத்தியிருக்கிறார்கள், இரண்டு இடத்தில் ஓட்டை. அதன் வழியாகவும் தண்ணி இறங்கி உள்ளே அரிக்கும், இன்னும் ஒரு வருஷம் கழித்து அது ஒரு தனிக் கோளாறாக வந்திருக்கும். உங்கள் வண்டியில் யாராவது ஒயரில் ஊசி குத்தினால் தடுத்து, கப்ளருக்குப் பின்பக்கம் வழியாக மீட்டர் கம்பியை வைக்கச் சொல்லுங்கள். கூலி எவ்வளவு என்றேன், சாமானோடு 1,200 என்றார். கூடக் கொடுத்தேன், வாங்கவில்லை, டீ மட்டும் குடித்தார்.

கீழே படுத்து வேலை செய்வதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்தச் சோதனைகளில் சிலதுக்குத் தொட்டியைத் தூக்க வேண்டிவரும். தூக்கிய தொட்டிக்கு ஹைட்ராலிக்கை நம்பி அடியில் தலை கொடுக்காதீர்கள். ஒரு ஹோஸ் வெடித்தால் தொட்டி இறங்க ஒரு நொடி ஆகாது. தொட்டியைத் தாங்க முட்டுக் கம்பி இருக்கிறது, அதை ஊன்றி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகுதான் அடியில் போக வேண்டும். காலித் தொட்டியாக இருந்தாலும் இதே கதைதான். பெரியவர் முட்டுக் கம்பி ஊன்றும்வரை வண்டிக்குக் கிட்டேயே வரவில்லை.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: யூரியா வேலை, இரண்டு ஸ்கேன், சென்சார், சோலினாய்டு, கூலிகள் எல்லாம் சேர்ந்து 20,000 வரை. மீதியெல்லாம் ஓடாத வாடகை, டிரைவர் பேட்டா, டியூ தள்ளியதற்கு அபராத வட்டி. 1,000, 1,500-க்கு ஒரு நல்ல மல்டிமீட்டர் கிடைக்கிறது. அதை வாங்கி வைத்து, சத்தம் வரும் நிலையையும் வோல்டேஜ் நிலையையும் பயன்படுத்தக் கற்றுக்கொண்டால் பாதி விஷயத்தை நீங்களே பார்க்கலாம். பட்டறையில் சாமான் மாற்றச் சொன்னால் இரண்டே கேள்வி கேளுங்கள். எஃப்எம்ஐ என்ன வந்தது? சாமான் கெட்டது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது? பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வண்டியை விடுங்கள். என் அனுபவத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டதும் எரிச்சல்படுகிறவர்கள் அதிகம், நல்ல எலக்ட்ரீஷியன் மட்டும் சந்தோஷமாக விளக்குவார்.

புது வண்டி எடுத்துப் பாடி கட்டப் போகிறவர்கள் இதில் பாதித் தொல்லையை அங்கேயே தவிர்த்துவிடலாம். பாடி கட்டுபவர்கள் பயன்படுத்துவதற்கென்று கம்பெனிகள் தனிக் கப்ளர் கொடுக்கின்றன, அதிலிருந்துதான் ஒயர் எடுக்க வேண்டும், நடுவில் எங்கேயும் ஒயரைச் சீவிச் சேர்க்கக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். நீளம் பற்றாவிட்டால் முழு ஒயரும் மாற்றச் சொல்லுங்கள், ஒயர் காசு ஒன்றும் பெரிதில்லை. ட்யூப் போட்டு மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் போய் ஒயர் போகும் பாதையை முழுக்கப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எங்கள் பாடி கட்டிய இடத்துக்கு அந்த வெட்டிய ஜாயின்டை எடுத்துக்கொண்டு போனேன். பார்த்துவிட்டு, அந்த வேலையைச் செய்த பையன் இப்போது இங்கே இல்லை என்றார்கள். காசு எதுவும் திரும்பவில்லை. தொட்டிக்கு ஒரு கோட் பெயின்ட் சும்மா அடித்துத் தருவதாகச் சொன்னார்கள், அதற்காக வண்டியை ரெண்டு நாள் நிறுத்த எனக்கு மனசில்லை.